ஒன்பது இடத்திற்கும் ஒருவர்

புகழ் என்பது பெரும்பாலும் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு வளரும் கொடியாகும். ஒரு கலையில், ஒரு தொழிலில், ஒரே பணியில் நிலைத்து நின்று முதன்மை பெற்றவரை உலகம் எளிதில் அறிந்துகொள்கிறது. அவருக்குப் பட்டம் உண்டு; பரிசு உண்டு; படமும் உண்டு. ஆனால், எந்த இடத்தில் குறை நேர்ந்தாலும் அங்கே சென்று நின்று, குறை தோன்றாதவாறு பணியை முடித்து, உரியவர் திரும்பி வந்ததும் ஓசையின்றி விலகிக்கொள்ளும் ஒருவரை எப்பெயரிட்டு அழைப்பது? "இவர் எதையும் செய்வார்" என்று நாம் பாராட்டுகிறோம். அப்பாராட்டின் அடியில், "இவருக்கென்று தனியே ஒன்றும் இல்லை" என்னும் எண்ணமும் மறைந்து கிடப்பதை உணர்ந்தவர் சிலரே.

இத்தகைய ஒருவரின் வாழ்க்கையை நான் ஒரு விளையாட்டில் கண்டேன். அவ்விளையாட்டு நம்மவர்க்கு அயலானது. பேஸ்பால் என்பது அதன் பெயர். அவரோ அவ்விளையாட்டின் பெருவீரர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அல்லர். ஆயினும், ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மனோர்க்கு அப்பெருவீரர் பலரைவிட அவரே மிகுதியாகக் கற்பிக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெயர் ஹோசே ஒக்கெண்டோ.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது உடற்கல்வியும் என் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. சாஃப்ட்பால் ஆட்டத்தின் விதிகளை அங்கேதான் கற்றேன். நம் நாட்டுப் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஓரளவு ஆடப்படுகிறது. அதன் மூத்த உடன்பிறப்பாகிய பேஸ்பால் நம்மிற் பலருக்குப் பெயரளவில்தான் தெரியும். பிற்காலத்தில் தொலைக்காட்சி வாயிலாக அமெரிக்க ஆட்டங்களைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே மாலைப்பொழுதில் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாட் காலையில் வந்து சேரும். விடுமுறைக் காலைகளில் தேநீர்க் கோப்பையும் கையுமாக அமர்ந்து பார்த்துப் பழகினேன். தொடக்கத்தில் மட்டையாளரையே பார்த்துக்கொண்டிருந்த என் கண், நாளடைவில் களத்தில் நிற்போரின் மீது திரும்பியது. அங்கேதான் இக்கட்டுரைக்குரிய பொருள் கிடைத்தது.

ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது விளக்கிவிட்டு மேலே செல்வது நலம். களத்தில் காவல் காப்போர் ஒன்பதின்மர். பந்து வீசுபவர் நடுவில் மேடை மீது நிற்பார். மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து அப்பந்தைப் பிடிப்பவர் மற்றொருவர். வெளிக்களத்தில் இடம், நடு, வலம் என மூவர் நிற்பர். எஞ்சிய நால்வரே உட்களத்தார். முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடைப்பட்ட வெளியைக் காப்பவர் நான்காமவர். அவரை 'ஷார்ட்ஸ்டாப்' என்பர். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே உள்ள தொலைவு 90 அடி.

பார்ப்பதற்கு நால்வரும் ஒரே வேலையைச் செய்பவர்போல் தோன்றுவர். பந்து தரையில் உருண்டு வருகிறது, எடுத்து எறிகிறார்கள், அவ்வளவுதானே என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. மூன்றாம் தளத்தில் நிற்பவர் வலக்கை மட்டையாளருக்கு மிக அருகில் நிற்கிறார். அடிபட்ட பந்து கண்ணிமைப்பதற்குள் அவரிடம் வந்துவிடும். எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஷார்ட்ஸ்டாப் பரந்த இடத்தைக் காக்க வேண்டும். ஓடிச் சென்று பந்தை எடுத்து, நெடுந்தொலைவில் உள்ள முதல் தளத்திற்கு எறிய வேண்டும். இரண்டாம் தளத்தில் நிற்பவருக்கு எறியும் தொலைவு குறைவு. ஆனால், இருவரை ஒருசேர ஆட்டமிழக்கச் செய்யும் வேளையில், இடப்புறத்திலிருந்து வரும் பந்தை வாங்கித் திரும்பி எறியும்போது, ஓடிவருபவர் அவர் பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து பாய்ந்து வருவார். முதல் தளத்தில் நிற்பவரோ பிறர் எறியும் பந்துகளையெல்லாம், நேராக வந்தாலும் தாறுமாறாக வந்தாலும், ஒரு காலைத் தளத்தில் ஊன்றிக்கொண்டே ஏந்த வேண்டும். ஒருவருக்குரிய கையுறைகூட மற்றவருக்குப் பொருந்துவதில்லை. நான்கு இடமும் நான்கு வேறு பாடங்கள் எனலாம்.

இந்நான்கு பாடங்களையும் கற்று, எப்பாடவேளையில் எவர் வாராவிடினும் அங்கே சென்று நிற்க ஆயத்தமாக இருப்பவரையே அமெரிக்கர் 'யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்' என்பர். 'எவ்விடத்திற்கும் பயன்படும் உட்களத்தார்' என்று நாம் பொருள் கொள்ளலாம். ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் 162 ஆட்டங்கள். ஆறு மாதங்களுக்குள் அவற்றை ஆடி முடிக்க வேண்டும். காயமும் களைப்பும் தவிர்க்க இயலாதவை. அன்றியும், ஆட்டத்தின் இடையே வெளியேற்றப்பட்டவர் அவ்வாட்டத்திற்குத் திரும்பி வர முடியாது என்பது அங்குள்ள விதி. எனவே, ஒருவரே பல இடங்களுக்கு உதவுவாரானால் குழுத் தலைவருக்கு அது பெருஞ்செல்வம். ஆயினும் ஊதியத்திலும் புகழிலும் அவர் பெரும்பாலும் கடைசி வரிசையிலேயே நிற்பார்.

ஒக்கெண்டோ 1963-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் போர்ட்டோ ரிக்கோத் தீவிலுள்ள ரியோ பியெத்ராஸ் என்னுமிடத்தில் பிறந்தவர். 1983-இல், பத்தொன்பதாம் வயதில், நியூயார்க் மெட்ஸ் குழுவின் ஷார்ட்ஸ்டாப்பாக மேஜர் லீக் எனப்படும் உயர்நிலை ஆட்டத்தில் காலடி வைத்தார். பந்தைத் தடுப்பதில் அவர் வல்லவராக இருந்தார். மட்டை மட்டும் கைகொடுக்கவில்லை. ஆயிரத்திற்கு இத்தனை என்று கணக்கிடும் மட்டைச் சராசரி முதல் ஆண்டில் 213, மறு ஆண்டில் 222. இவ்வெண்கள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடப் போதுமானவை. 1985-இல் மெட்ஸ் குழு அவரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டது. அவ்வாண்டு முழுவதையும் அவர் கீழ்நிலை லீக்கிலேயே கழிக்க நேர்ந்தது.

1986-இல் அவர் மேலே வந்தபோது, அவர் கற்றிருந்த இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓஸி ஸ்மித். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவருக்கு இணையில்லை என்பது பலருடைய முடிவு. களக்காவலுக்குரிய தங்கக் கையுறை விருதைப் பதின்மூன்று முறை பெற்று, 2002-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர் அவர். இமயமலை நிற்கும் இடத்தில் இன்னொரு மலைக்கு ஏது வழி? இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் அந்நிலையில் மனம் சோர்ந்து போவது இயல்பு. ஒக்கெண்டோ செய்ததோ வேறு. ஸ்மித்துக்கு ஓய்வு வேண்டிய நாளில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றார். மற்ற நாட்களில் இரண்டாம் தளம், மூன்றாம் தளம், வெளிக்களம் என்று எங்கே வெற்றிடம் தோன்றியதோ அங்கே நின்றார். குழுத் தலைவர் வைட்டி ஹெர்சாக் என்பவர் அவரை இடமறிந்து பயன்படுத்தினார். செயின்ட் லூயிஸ் நகரத்தார் அவருக்கு 'மறைபடைக்கலம்' என்னும் பொருள்படும் 'சீக்ரெட் வெப்பன்' என்ற பட்டப்பெயரைச் சூட்டினர்.

அப்பெயர் வீண் புனைவன்று என்பதை 1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காட்டியது. தேசிய லீக்கின் வெற்றிக்குரியவரைத் தீர்மானிக்கும் ஏழு ஆட்டத் தொடரில் கார்டினல்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் குழுவை எதிர்த்தது. ஐந்து ஆட்டங்கள் முடிவில் ஜயண்ட்ஸ் குழு மூன்றுக்கு இரண்டு என முன்னணியில் நின்றது. கார்டினல்ஸ் குழுவின் ஆற்றல்மிக்க மட்டையாளர் ஜாக் கிளார்க் கணுக்காற் காயத்தால் துன்புற்றிருந்தார். ஆறாம் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஓர் ஓட்டம். டோனி பேனா மூன்றாம் தளத்தில் நிற்க, ஒக்கெண்டோ பந்தை வெளிக்களத்தை நோக்கி உயர்த்தி அடித்தார். பந்து பிடிபட்டது, அடித்தவர் ஆட்டமிழந்தார், பேனா ஓடி வந்து ஓட்டத்தைச் சேர்த்தார். தான் ஆட்டமிழந்து தன் துணைவரை வீடு சேர்க்கும் இவ்வகை அடிக்கு அவ்விளையாட்டிலேயே 'தியாகம்' என்று பெயரிட்டிருக்கின்றனர். ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் கார்டினல்ஸ் வென்றது.

மறுநாள், அக்டோபர் 14, ஏழாவதும் இறுதியுமான ஆட்டம். பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதை ஹோம் ரன் என்பர். அவ்வாண்டின் வழக்கமான ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து ஒக்கெண்டோ அடித்திருந்தது ஒரே ஒரு ஹோம் ரன். அத்தகையவர் அன்று இரண்டாம் சுற்றிலேயே மூன்று ஓட்டங்களைத் தரும் ஹோம் ரன்னை அடித்தார். ஆறுக்குச் சுழியம் என்று கார்டினல்ஸ் வென்று, உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்குச் சென்றது. அங்கே மினசோட்டா ட்வின்ஸ் குழுவிடம் அது தோற்றது வேறு கதை. எவரும் எதிர்பாராத கையிலிருந்து வேண்டிய வேளையில் உதவி வந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

1988-ஆம் ஆண்டு மே 14 அன்று நடந்த ஆட்டம் இதனினும் வியப்பானது. ஒன்பது சுற்றுகளில் வெற்றி தோல்வி காணப்படாவிடில் மேலும் சுற்றுகள் தொடர்வது பேஸ்பால் வழக்கம். அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவுடன் அன்று ஆடிய ஆட்டம் பதினைந்து சுற்றுகள் கடந்தும் ஐந்துக்கு ஐந்து என்றே நின்றது. ஹெர்சாக்கின் கையில் அனுப்புவதற்குரிய வீச்சாளர் எவரும் எஞ்சவில்லை. பதினாறாம் சுற்றில் வீச்சு மேடைக்கு ஒக்கெண்டோ அனுப்பப்பட்டார். ஆட்டக்காரர் பற்றாக்குறை எவ்வளவு முற்றியிருந்ததெனில், ஹோசே டிலியோன் என்னும் வீச்சாளர் வெளிக்களத்தில் நிறுத்தப்பட்டார். வீச்சைத் தொழிலாகக் கொள்ளாத ஒக்கெண்டோ மூன்று சுற்றுகள் ஓர் ஓட்டமும் கொடாமல் தாக்குப்பிடித்தார். பத்தொன்பதாம் சுற்றில் கென் கிரிஃபி அடித்த அடியில் இரண்டு ஓட்டங்கள் விழுந்தன. ஏழுக்கு ஐந்து எனக் கார்டினல்ஸ் தோற்றது. விதிப்படி அத்தோல்வி ஒக்கெண்டோவின் பெயரில் எழுதப்பட்டது. வீச்சாளர் அல்லாத ஒருவர் பெயரில் இவ்வாறு வெற்றியோ தோல்வியோ பதிவானது 1968-க்குப் பின்னர் அதுவே முதன்முறை.

இந்நிகழ்ச்சியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பிறர் வேலையை ஏற்றுக்கொள்பவர் அவ்வேலையின் தோல்வியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். இடைநிரப்புவோரின் துன்பங்களுள் இது ஒன்று. நன்றாகச் செய்தால், உரியவர் வரும்வரை ஒப்பேற்றினார் என்பர். செய்ய இயலாது போயின், அவர் செய்ததே தவறு என்பர். அன்று மூன்று சுற்றுகள் அவர் தாக்குப்பிடித்தது எந்த வெற்றிப் பட்டியலிலும் ஏறவில்லை. நான்காம் சுற்றின் தோல்வி மட்டும் ஏட்டில் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, மெட்ஸ் குழுவுடன் நடந்த ஆட்டத்தில், மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்து பிடிக்கும் இடத்திலும் அவர் நின்றார். அதனோடு ஒரே பருவத்தில் ஒன்பது இடங்களிலும் ஆடியவர் ஆனார்.

ஒன்பது இடங்களிலும் நின்றவர் அவருக்கு முன்னும் இருந்தனர். 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று பெர்ட் கம்பனேரிஸ் என்பவர் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் மாறி மாறி ஆடினார். கூட்டத்தை ஈர்க்கும் பொருட்டு ஏற்பாடு செய்யப்பட்ட வேடிக்கை அது. கடைசிச் சுற்றில் பந்து பிடிக்கும் இடத்தில் நின்றபோது ஓடிவந்தவர் மோதியதால் அவர் காயமும் அடைந்தார். 1968-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று சீசர் டோவார் அவ்வாறே ஆடினார். அவர் வீசிய முதற் பந்தை எதிர்கொண்டவர் அதே கம்பனேரிஸ் என்பது சுவையான செய்தி. இவ்விரண்டும் ஒருநாட் காட்சிகள். ஒக்கெண்டோ ஒன்பது இடங்களில் நின்றது காட்சிக்காக அன்று, அன்றாடத் தேவைக்காக. விழா மேடையில் ஒருநாள் பல வேடம் புனைவதற்கும், வேலைநாட்களில் பல பொறுப்புகளைச் சுமப்பதற்கும் உள்ள வேற்றுமை இது.

இதுவரை கூறியவற்றோடு நிறுத்திவிட்டால், 'எவ்விடத்திற்கும் பயன்படுபவரை எவ்விடத்திற்கும் அனுப்புக' என்பதே பாடம் என்று கொள்ள நேரிடும். ஒக்கெண்டோவின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1988-இல் இரண்டாம் தளத்தின் பழைய காவலர் வேறு குழுவுக்குச் சென்றிருந்தார். 1989-இல் ஹெர்சாக் அவ்விடத்தை ஒக்கெண்டோவுக்கே உரியதாக்கினார். அவ்வாண்டு அவர் 163 ஆட்டங்களில் களம் இறங்கினார். தேசிய லீக்கில் அவரினும் மிகுதியாக ஆடியவர் எவரும் இல்லை. மட்டைச் சராசரி 291-ஆக உயர்ந்தது. மட்டை வராது என்று நியூயார்க்கில் கைவிடப்பட்டவர் இவரே என்று சொன்னால் நம்புவது கடினம். 1990-இல் இரண்டாம் தளத்தில் பருவம் முழுவதும் அவர் செய்த பிழைகள் மூன்றே மூன்று. அவ்வாண்டின் தங்கக் கையுறை, சிகாகோ கப்ஸ் குழுவின் ரைன் சாண்ட்பெர்க்குக்குச் சென்றது. அவரும் தகுதியில் குறைந்தவர் அல்லர். 1989, 1990 ஆகிய இரு பருவங்களைத் தழுவித் தொடர்ந்து 123 ஆட்டங்கள் பிழையின்றி ஆடியவர். அதனை அநீதி என்று நான் கூற வரவில்லை. மூன்று ஆண்டுகள் நாற்புறமும் ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஓரிடம் கொடுக்கப்பட்டபோது, அவ்விடத்தில் அவர் எப்படி வேரூன்றினார் என்பதையே காட்ட விரும்புகிறேன்.

இங்கேதான் இவ்வாழ்க்கை என் பணியோடு நெருங்கி வந்து நிற்கிறது. தோட்டப்புறங்களை ஒட்டிய நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை 150-க்கும் குறைவு. அரசு அவற்றைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்தியுள்ளது. நான் பணியாற்றிய அத்தகைய பள்ளியொன்றில் ஆசிரியர் சிலரே இருந்தோம். ஒருவர் கூட்டத்திற்குச் சென்றால், ஒருவர் நோயுற்றால், அன்றைய கால அட்டவணை சிதறிவிடும். அங்கே ஆசிரியை ஒருவர் இருந்தார். கணிதமா, அவர் செல்வார். இசைக்கல்வியா, அவர் செல்வார். விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வேண்டுமா, சுண்ணாம்பு வாளியுடன் அவரே திடலில் நிற்பார். ஆண்டுதோறும் கால அட்டவணை வரையும்போது மற்றவர் பெயர்களைக் கட்டங்களில் எழுதிவிட்டு, எஞ்சிய கட்டங்களிலெல்லாம் அவர் பெயரை நிரப்புவது அங்கு வழக்கமாயிருந்தது.

நான் அங்குப் பொறுப்பேற்ற ஆண்டின் இறுதியில் அவர் என் அறைக்கு வந்தார். "ஐயா, எனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும்" என்றார். "எழுத்தறியாமல் வரும் பிள்ளை ஆண்டு முடிவில் தானாகப் படிப்பதை நான் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். எல்லா வகுப்பிலும் பாதியில் நுழைந்து பாதியில் வெளியேறுகிறேன்." அவர் குறை கூறும் குரலில் பேசவில்லை, அமைதியாகவே கூறினார். அதனால் அச்சொற்கள் மேலும் கனத்தன.

பள்ளியின் தேவை ஒருபுறம். அவர் உள்ளத்தின் தேவை மறுபுறம். இத்தகையவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் மற்ற வெற்றிடங்களை நிரப்புபவர் யார் என்ற வினா எழுந்தது. ஒக்கெண்டோவின் 1989-ஆம் ஆண்டு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது என்றால் மிகையன்று. அவருக்கு முதலாம் ஆண்டு வகுப்பை ஒதுக்கினேன். மாற்று ஆசிரியர் வேண்டிய பாடவேளைகளை மற்ற ஆசிரியர்களும் நானும் பகிர்ந்துகொண்டோம். தலைமையாசிரியர் அறையில் குவிந்த கோப்புகள் மாலைவரை காத்திருந்தன. நான் நெடுநாள் கழித்துப் பின்னப் பாடமும் நாட்டுப்புறப் பாட்டும் நடத்தினேன். ஆண்டிறுதியில் ஒரு பிற்பகல், அவ்வகுப்பின் சாளரத்தருகே நடந்து சென்றபோது, ஒரு சிறுவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அருகில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அவ்விடம் நில்லாமல் நடந்துவிட்டேன்.

ஒக்கெண்டோவின் கதைக்குத் திரும்புவோம். நிலைத்த இடம் கிடைத்தவருக்கு உடல் நெடுங்காலம் ஒத்துழைக்கவில்லை. 1992-இல் காயத்தால் பெரும்பகுதி ஆட முடியாது போயிற்று. மீண்டும் இடைநிரப்பும் வேலைக்கே வந்து, 1995-ஆம் ஆண்டோடு மேஜர் லீக்கிலிருந்து விலகினார். பன்னிரண்டு பருவங்கள், 1,190 ஆட்டங்கள், மட்டைச் சராசரி 256, ஹோம் ரன் 14. இவ்வளவே ஏட்டில் உள்ள கணக்கு. புகழ் மண்டபத்தின் வாயிலுக்கு இவ்வெண்கள் ஒருவரைக் கொண்டு செல்லமாட்டா.

ஆனால், ஏட்டில் அடங்காத செல்வமொன்று அவரிடம் சேர்ந்திருந்தது. களத்தை ஒன்பது இடங்களிலிருந்தும் பார்த்த கண் அது. மூன்றாம் தளத்தில் நிற்பவருக்கு என்ன அச்சம், இரண்டாம் தளத்தில் நிற்பவருக்கு எப்பக்கம் கண் தெரியாது, வெளிக்களத்திலிருந்து வரும் எறி எப்படித் திரும்பும் என்பவற்றையெல்லாம் தாமே நின்று அறிந்தவர் அவர். அதே கார்டினல்ஸ் குழுவில் பயிற்றுநராகச் சேர்ந்து, 2000 முதல் 2015 வரை மூன்றாம் தளத்தருகே நின்று ஓடுவோர்க்குக் கைகாட்டும் பொறுப்பை ஏற்றார். 2006-இலும் 2011-இலும் அக்குழு உலகத் தொடரை வென்றபோது அவர் அவ்விடத்தில் இருந்தார். 2006, 2009 ஆகிய ஆண்டுகளில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் போட்டிகளில் தம் தாயகமான போர்ட்டோ ரிக்கோவின் குழுவுக்குத் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

அவருடைய உண்மையான பணி, பார்வையாளர் வந்து சேர்வதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடும். 'ஃபங்கோ' என்றொரு மெல்லிய நீண்ட மட்டை உண்டு. பயிற்றுநர் அதனைக் கொண்டு தரைப்பந்துகளை அடித்து அனுப்ப, பயில்பவர் அவற்றை எடுத்துப் பழகுவார். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெளிக்களத்திலேயே ஆடிப் பழகிய ஸ்கிப் ஷூமேக்கர் என்பவரை இரண்டாம் தளத்திற்கு மாற்றக் குழு முடிவு செய்தது. வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் சில வாரங்களில் புதிய இடத்தைக் கற்றுக்கொள்வதென்பது, வளர்ந்தவர் மொழியொன்றை அரிச்சுவடியிலிருந்து கற்பதற்கு ஒப்பானது. ஒக்கெண்டோ நாள்தோறும் அவருக்குப் பந்தடித்து, காலை எங்கே வைப்பது, கையை எப்போது திருப்புவது என்று கற்பித்தார். அவ்வாண்டு ஷூமேக்கர் அக்குழுவின் முதன்மை இரண்டாம் தளக் காவலர் ஆனார். 2013-இல் மூன்றாம் தளக் காவலரான மாட் கார்ப்பென்டரும் அவ்வாறே ஒக்கெண்டோவிடம் பயின்று இரண்டாம் தளத்திற்கு வந்தார். அவ்வாண்டு தேசிய லீக்கில் மிகுதியான ஓட்டங்களையும் அடிகளையும் எடுத்தவர் கார்ப்பென்டரே.

தாம் பல இடங்களிலும் நின்று பெற்ற அறிவைப் பிறர் ஓரிடத்தில் நிலைத்து நிற்கப் பயன்படுத்தினார் ஒக்கெண்டோ. நல்லாசிரியரின் இலக்கணம் இதுவன்றி வேறென்ன? இளமையில் எதையும் எளிதாகச் செய்துவிட்டவரைவிட, ஒவ்வோர் இடத்திலும் புதியவராய் நுழைந்து தட்டுத்தடுமாறிக் கற்றவரே பிறருடைய தடுமாற்றத்தை அறிவார்.

அவருக்கும் ஏமாற்றம் இல்லாமற் போகவில்லை. 2011-ஆம் ஆண்டு உலகத் தொடர் வெற்றிக்குப் பின் குழுத் தலைவர் டோனி லரூசா ஓய்வு பெற்றார். அவ்விடத்திற்கு ஒக்கெண்டோவும் நேர்முகத்திற்கு அழைக்கப்பட்டார். பொறுப்போ மைக் மதீனி என்பவருக்குச் சென்றது. ஒக்கெண்டோ மீண்டும் மூன்றாம் தளத்தருகே சென்று நின்றார். கார்ப்பென்டருக்கு அவர் பந்தடித்துப் பயிற்சி கொடுத்ததெல்லாம் இந்நிகழ்ச்சிக்குப் பின்னர்தான் என்பதை நாம் மறக்கலாகாது. ஒருவர் மனத்தின் உயரத்தை அளக்க விரும்புவோர், அவர் விரும்பியது கிட்டாத மறுநாள் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் போதும்.

காலம் சில கணக்குகளைத் தாமதமாகவேனும் நேர் செய்கிறது. பல இடங்களில் ஆடுவோர்க்கென்று தனியே ஒரு தங்கக் கையுறை விருது 2022-ஆம் ஆண்டு முதல் வழங்கப்படலாயிற்று. தேசிய லீக்கில் அதனை முதன்முதலாகப் பெற்றவர் பிரெண்டன் டோனோவன்; அவர் அப்போது ஆடிய குழு, ஒக்கெண்டோவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். ஒக்கெண்டோவிடம் தரைப்பந்து பயின்ற ஷூமேக்கரோ பின்னாளில் மயாமி மார்லின்ஸ் குழுவின் தலைவராகி, 2023-இல் தேசிய லீக்கின் ஆண்டின் சிறந்த தலைவர் என்னும் விருதைப் பெற்றார். ஆசிரியருக்குக் கிட்டாத இருக்கையில் மாணவர் அமர்வது நம் தொழிலில் புதிதன்று. அதனைக் காண்பதில் உள்ள மகிழ்ச்சியும் நமக்குப் புதிதன்று.

இக்கட்டுரையைப் படிக்கும் இளைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகிறேன். பல வேலைகளுக்கு அழைக்கப்படுவதை இழிவென்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் இடமும் ஒரு பாடம். நின்று பார்த்தவருக்கே அது விளங்கும். இன்று நீங்கள் மனமின்றி எடுக்கும் பாடவேளைகூட, பின்னொரு நாள் உங்களுக்குக் கண்ணாக அமையலாம்.

பொறுப்பில் உள்ளோர்க்கும் ஒன்று உண்டு. அது என்னையும் சேர்த்தே. 'எங்கும் உதவுவார்' என்று ஒருவரைப் பற்றி நாம் சொல்லும்போது, அவருக்கென்று ஓரிடம் கொடுத்தோமா என்றும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹெர்சாக் தம் மறைபடைக்கலத்தை என்றென்றும் மறைத்தே வைத்திருந்தால், 1990-ஆம் ஆண்டின் அம்மூன்று பிழைகளை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே உலகுக்குக் கிட்டியிராது. அடுத்த ஆண்டிற்குரிய கால அட்டவணைத் தாள் ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் வரத்தான் போகிறது. கட்டங்களில் பெயர்களை நிரப்பத் தொடங்கும்போது, எப்போதும் கடைசியாக எழுதப்படும் அப்பெயரை ஒருமுறை முதலில் எழுதிப் பார்ப்போமாக.